கல்லாவுக்குப் பின்னால் நிற்பவர்

விலையைக் கூட்டி வைத்த ஒரு சாப்பாட்டுக் கடை மூடப்படும்போது, அங்கே சாப்பிட்டவர்களும் வாசல்படி மிதிக்காதவர்களும் சேர்ந்தே சந்தோஷப்படுகிறார்கள். குவிஸ்னோஸ் என்ற அமெரிக்க சாண்ட்விச் நிறுவனம் 2014 மார்ச் 14 அன்று டெலவேர் மாநிலத்தின் திவால் நீதிமன்றத்தில் மனுப் போட்டபோதும் அதுதான் நடந்தது. ரொட்டிக்கு நடுவே நாலு துண்டு இறைச்சியை வைத்துவிட்டு யானை விலை குதிரை விலை சொன்னவர்களுக்கு இது வேண்டியதுதான் என்பது பொதுப்பேச்சு. இன்னொரு சாரார் அந்தச் சூடான ரொட்டி இனிக் கிடைக்காதே என்று வருந்தினார்கள். சந்தோஷப்பட்டவர்களும் வருந்தியவர்களும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள்: விலை வைத்தவரும் லாபம் பார்த்தவரும் கடைசியில் நஷ்டப்பட்டவரும் ஒரே ஆள் என்று இரு தரப்பும் எடுத்துக்கொண்டன. அப்படியிருந்தால்தான் அது தண்டனையாகும். ஆனால் இந்தக் கதையில் மூவரும் வேறு வேறு ஆட்கள். விலை அதிகம் என்ற புகார் நியாயமானது என்றே நினைக்கிறேன். அது போய்ச் சேர்ந்த இடம் நியாயமானதல்ல.

குவிஸ்னோஸ் 1981-இல் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் தொடங்கியது. அதை மற்றக் கடைகளிலிருந்து பிரித்துக் காட்டியது ஓர் அடுப்பு. சாண்ட்விச்சை முழுதாக அடுக்கி, சங்கிலிப் பட்டையில் மெல்ல நகரும் அந்த அடுப்பின் ஒரு முனையில் விடுவார்கள். மறுமுனையில் வெளியே வரும்போது விறைப்பாக இருந்த சீஸ் உருகி இறைச்சியோடு ஒட்டியிருக்கும், ரொட்டியின் விளிம்பு மொறுமொறுப்பாகச் சிவந்திருக்கும். பல கடைகளில் ஊறவைத்த மிளகாய் வகைகளை ஓரமாகக் கிண்ணங்களில் வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ள விட்டார்கள். 1965-இல் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கி நாடெங்கும் பரவியிருந்த சப்வே அப்போது சாண்ட்விச்சைச் சூடாக்காமல்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. எனவே கூடுதல் விலைக்குக் கூடுதலாக ஏதோ கிடைத்தது. வாடிக்கையாளரும் முனகாமல் கொடுத்தார். 1991-இல் ரிச்சர்ட் ஷேடன், ரிக் ஷேடன் என்ற தந்தையும் மகனும் நிறுவனத்தை வாங்கிய பிறகு வளர்ச்சி வேகம் பிடித்தது. 2007 வாக்கில் கிட்டத்தட்ட 5,000 கடைகள். இதற்கிடையில், 2000-களின் நடுவில், சப்வேயும் தன் கடைகளில் சாண்ட்விச்சைச் சூடாக்கும் அடுப்புகளை வைத்துவிட்டது. தனித்தன்மை போனது, விலை மட்டும் அப்படியே நின்றது. ஏன் இறங்கவில்லை? போட்டியாளர் உங்கள் சரக்கையே குறைந்த விலைக்குத் தரும்போது நீங்களும் குறைப்பதுதானே வியாபாரம்? குறைக்க முடியாத நிலையில் இருந்தவர்கள் யார் என்று பார்க்கும்போதுதான் விஷயம் புலப்படுகிறது.

திவால் மனு கொடுத்த நாளில் அமெரிக்காவிலும் வெளிநாடுகளிலுமாக ஏறத்தாழ 2,100 குவிஸ்னோஸ் கடைகள் இருந்தன. அவற்றில் நிறுவனத்துக்குச் சொந்தமானவை ஏழு. மீதி அத்தனையும் ஃபிரான்சைஸ், அதாவது நிறுவனத்தின் பெயரில் கடை நடத்தும் உரிமம், எடுத்தவர்கள் தங்கள் பணத்தில், பெரும்பாலும் கடன் வாங்கிய பணத்தில், வாடகைக்கு இடம் பிடித்து நடத்தியவை. உரிமத்துக்கு முதலில் 25,000 டாலர் கட்ட வேண்டும். பிறகு கல்லாவில் விழும் ஒவ்வொரு 100 டாலரிலும் 7 டாலர் ராயல்டியாகவும் 4 டாலர் விளம்பரத்துக்காகவும் போய்விடும். கடைக்கு லாபமா நஷ்டமா என்ற கேள்வியே அங்கே எழாது. கணக்கு விற்பனையின் மீது. லாபத்தின் மீது அல்ல. இதோடு முடிந்திருந்தால் மற்ற நிறுவனங்களைப் போலத்தான் என்று விட்டுவிடலாம். குவிஸ்னோஸ் கடைக்காரர் ரொட்டி, இறைச்சி, சீஸ், சாஸ், காகிதத் தம்ளர் வரை நிறுவனம் சொன்ன இடத்தில்தான் வாங்க வேண்டும். அந்த இடம் நிறுவனத்தோடு சேர்ந்த விநியோகக் கம்பெனியாகவே இருந்தது. வெளிச்சந்தையில் இதே சரக்கு மலிவாகக் கிடைக்கிறது, எங்களுக்கு மட்டும் விலையேற்றி விற்கிறார்கள் என்று பல மாநிலங்களில் கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். வாரத்துக்கு நிலத்தை உழுபவன் விதையையும் உரத்தையும் நிலக்காரரின் கடையிலேயே அவர் சொன்ன விலைக்கு வாங்கி, விளைந்ததையும் அவர் மரக்காலிலேயே அளந்து கொடுப்பதைப் போன்ற ஏற்பாடு இது. விளைச்சல் பொய்த்தாலும் விதைக்கடையில் வியாபாரம் நடந்துவிடும்.

இப்போது கடையின் விலைப்பலகையைத் திரும்பிப் பார்க்கலாம். அதில் எழுதியிருக்கும் தொகையில் சரக்கின் அடக்கவிலை இருக்கிறது. அந்த அடக்கவிலைக்குள்ளேயே நிறுவனத்தின் ஒரு லாபம் இருக்கிறது. ராயல்டியும் விளம்பரப் பங்கும் அதன்மேல் ஏறுகின்றன. கட்டட வாடகை, இரண்டு மூன்று பேரின் சம்பளம், மின்சாரம், வங்கித் தவணை எல்லாம் போக மிஞ்சுவதுதான் கடைக்காரருக்கு. பல கடைகளில் எதுவும் மிஞ்சவில்லை. கணவனும் மனைவியும் சம்பளமில்லாமல் நின்று ஆள்கூலியை மிச்சப்படுத்திக் கடையை ஓட்டுவது இந்தத் தொழிலில் சாதாரணம். வாடிக்கையாளர் கொடுத்த கூடுதல் டாலர் கல்லா வழியாகக் கடந்து போனதே தவிர அங்கே தங்கவில்லை. விலையைக் குறைத்தால் முதலில் வெட்டு விழுவது கடைக்காரரின் அந்த மெல்லிய மிச்சத்தில். நிறுவனத்தின் பங்கு கடைசியாகத்தான் குறையும். விலை இறங்காமல் நின்றதற்குக் காரணம் இதுதான். பேராசை இதில் இல்லையென்று நான் சொல்லவில்லை. அது உட்கார்ந்திருந்த இடம் கல்லாவிலிருந்து வெகுதூரத்தில் இருந்தது.

இந்த ஏற்பாட்டில் சிக்கியவர்களின் நிலை பொதுமக்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லாமல் போகவில்லை. உரிமத் தொகையைக் கட்டிவிட்டு, கடை போட இடம் கிடைக்காமலே ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். இவர்களும் கடை நடத்தியவர்களும் தொடுத்த கூட்டு வழக்குகளில் 2009 இறுதியில் நிறுவனம் ஒரு சமரசத்துக்கு வந்தது; அதன் மதிப்பு 9 கோடி டாலருக்கு மேல் என்று சொல்லப்பட்டது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2006 நவம்பரில், தெற்குக் கலிபோர்னியாவில் கடை வைத்திருந்து நிறுவனத்தோடு வழக்காடிக்கொண்டிருந்த ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். தன் நிலைக்கு நிறுவனமே காரணம் என்று அவர் எழுதிவைத்த கடிதத்தைக் கடைக்காரர்களின் சங்கம் வெளியிட்டது. நிறுவனம் அந்தச் சங்கத்தின் நிர்வாகிகளுடைய கடை ஒப்பந்தங்களை ரத்துசெய்தது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு மரணத்துக்கு இதுதான் காரணம் என்று வெளியிலிருந்து யாரும் தீர்ப்பெழுதக் கூடாது, நானும் எழுதவில்லை. ஆனால் சக கடைக்காரரின் கடைசிக் கடிதத்தை வெளியிட்டதற்காக ஒருவரின் பிழைப்பையே பறிக்க முடியும் என்ற அதிகாரம் ஒப்பந்தத்தின் எழுத்துக்குள் இருந்தது என்பது பதிவான செய்தி. செய்தித்தாள்களில் வந்ததுதான். எட்டாண்டு கழித்துத் திவால் செய்தி வந்தபோது இதையெல்லாம் நினைத்துப் பார்த்தவர்கள் குறைவு. விலை மட்டும் எல்லோர் நினைவிலும் இருந்தது.

அந்த நினைவு எப்படி உருவானது என்பதற்கு 2009 பிப்ரவரி நல்ல சான்று. அதற்கு முந்தைய ஆண்டு சப்வே, ஓர் அடி நீளச் சாண்ட்விச் 5 டாலர் என்று நாடெங்கும் அறிவித்திருந்தது. அந்த யோசனை தலைமையகத்தில் பிறந்ததல்ல. மயாமியில் ஒரு பெரிய மருத்துவமனையின் இரு முனைகளில் இரண்டு சப்வே கடைகள் வைத்திருந்தவர், வார இறுதியில் விற்பனை படுத்துவிடுகிறதே என்று தானாகவே செய்து பார்த்தது. நிறுவனம் தயங்கித் தயங்கித்தான் ஏற்றுக்கொண்டது. பொருளாதார மந்தம் வந்திறங்கிய நேரத்தில் அந்த 5 டாலர் குவிஸ்னோஸை உலுக்கியது. பதிலுக்கு குவிஸ்னோஸ் தலைமையகம் 10 லட்சம் சாண்ட்விச்களை இலவசமாகத் தருவதாக விளம்பரம் செய்தது. பெயரைப் பதிந்து கூப்பனை அச்செடுத்துக்கொண்டு ஜனங்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் போனார்கள். பல கடைகளில் கூப்பனை வாங்க மறுத்துவிட்டார்கள். நிறுவனம் இதற்காகத் திருப்பித் தரும் பணம் சரக்குச் செலவுக்கே கட்டாது என்பது அவர்கள் கணக்கு. அந்த நேரத்தில் கவுண்ட்டரின் இந்தப் பக்கம் நிற்பவரை எண்ணிப் பாருங்கள்: கையில் நிறுவனத்தின் சின்னம் போட்ட தாள், அதே சின்னத்தைச் சட்டையில் அணிந்தவர் எதிரே நின்று செல்லாது என்கிறார். ஏமாற்றுக்காரர்கள் என்ற முடிவுக்கு வர இதைவிட என்ன வேண்டும்? வாக்குக் கொடுத்தவர் டென்வரில் இருந்தார். வசை வாங்கியவர் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றார். அடுத்து 4 டாலருக்கு ஒரு நீளச் சாண்ட்விச்சை நிறுவனம் அறிமுகப்படுத்தியபோதும் விலை குறைப்பின் பெருமை விளம்பரத்துக்கும், அதன் பாரம் கடைக்காரருக்கும் போனது.

சாப்பிட வருபவர் நிறுவனத்தின் ஒப்பந்தத்தையா படித்துக்கொண்டிருப்பார் என்று கேட்கலாம். ரொட்டிக்குக் காசு கொடுக்கிறார். காசுக்கு மேல் ஒரு கடமையும் அவருக்கு இல்லை. முழுக்க ஏற்றுக்கொள்கிறேன். விலை கட்டுப்படியாகவில்லையென்றால் வேறு கடைக்குப் போவது அவர் உரிமை. கடைக்காரர் மேல் இரக்கப்பட்டு வேண்டாத விலையில் யாரும் சாப்பிடத் தேவையில்லை. ஆனால் வேறு கடைக்குப் போவது ஒன்று, மூடிய கடையைப் பார்த்து நீதி கிடைத்துவிட்டது என்று சொல்வது வேறொன்று. முதலாவது சொந்த விருப்பம். இரண்டாவது, குற்றம் செய்தவர் இன்னார், அவருக்கு இது தகும் என்று சொல்லும் தீர்ப்பு. தீர்ப்புச் சொல்லப் புறப்பட்டவர், தண்டனை யார் தலையில் விழுந்தது என்று பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்த கேள்வி இன்னும் கடுமையானது. கடை எடுத்தவர்கள் குழந்தைகளா? கையெழுத்துப் போடும்போது கண் எங்கே போயிற்று? அமெரிக்காவில் மத்திய வர்த்தக ஆணையம் 1979 முதலே ஃபிரான்சைஸ் விற்பவர்களுக்கு விதிமுறை வைத்திருக்கிறது. கையெழுத்துக்கு முன் ஒரு தடித்த விவரப் புத்தகத்தைத் தந்தாக வேண்டும். எங்கே சரக்கு வாங்க வேண்டும், அதில் நிறுவனத்துக்கு என்ன வருமானம் என்பதுகூட அதில் இருக்க வேண்டும். இருந்தும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. இந்தக் கடைகள் சராசரியாக எவ்வளவு சம்பாதிக்கின்றன என்பதைச் சொல்வது கட்டாயமில்லை. சொன்னால் ஆதாரத்தோடு சொல்ல வேண்டும், அவ்வளவே. வாங்குபவருக்கு வேண்டிய ஒரே தகவல் விற்பவரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. வாங்க வருபவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். வேலை போய்ச் சேமிப்போடு நிற்பவர், ஓய்வுப் பணத்தை எடுத்துக்கொண்டு வருபவர், புலம்பெயர்ந்து வந்து பெரிய அலுவலகங்களின் கதவு திறக்காதவர், இவர்களுக்குத்தான் தயாராக ஒரு பெயரும் ஒரு செய்முறையும் கிடைப்பது பெரும் ஆறுதல். அவசரம் அவர்களுடையது, அவகாசம் எதிர்த்தரப்பினுடையது. மத்திய அரசின் சிறுதொழில் நிர்வாகம் உத்தரவாதம் தந்த கடன்களில் திரும்பாமல் போனவை மிக அதிகமாக இருந்த பிராண்டுகளில் குவிஸ்னோஸும் ஒன்று. கையெழுத்துப் போட்டவர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்பது சரி. வீட்டையும் சேமிப்பையும் கொடுத்து அவர் அந்தப் பொறுப்பை நிறைவேற்றியும்விட்டார். இதற்குமேல் ஊரார் சிரிப்பும் அவர் கணக்கில் சேர வேண்டுமா?

சப்வேயை வைத்து எழும் எதிர்வாதம்தான் எனக்குப் பலமானதாகத் தோன்றுகிறது. சப்வே கடைக்காரரிடம் 8 சதவீதம் ராயல்டி, 4.5 சதவீதம் விளம்பரம் என்று வாங்கியது, குவிஸ்னோஸைவிட அதிகம். அது அதே ஆண்டுகளில் செழித்ததே! அப்படியானால் ஏற்பாடு காரணமல்ல, விலையே காரணம் என்றாகாதா? பதில் சரக்கு எடுக்கும் வாசலில் இருக்கிறது. சப்வே கடைக்காரர்களுக்கு 1996 முதல் ஒரு கொள்முதல் கூட்டுறவு உண்டு. அதன் உரிமையாளர்கள் கடைக்காரர்களே. இறைச்சியும் ரொட்டி மாவும் என்ன விலைக்கு வாங்குவது என்று பேரம் பேசுவது அந்த அமைப்பு. விலை குறைந்தால் பலன் கடைக்குத்தான். குவிஸ்னோஸில் அந்தப் பேரத்தின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தது நிறுவனமே. ஒரே தொழில், ஒரே ரொட்டி, ராயல்டியிலும் பெரிய வித்தியாசமில்லை. சரக்கு யார் கையால் வருகிறது என்ற ஒன்று மாறியதும் ஒரு கடையால் 5 டாலருக்கு விற்க முடிந்தது, இன்னொன்றால் முடியவில்லை. இதைவிடத் தெளிவான ஒப்பீடு வியாபார வரலாற்றில் எளிதில் கிடைக்காது. சப்வே எல்லா வகையிலும் நியாயமாக நடந்தது என்பதல்ல என் பேச்சு. ஒன்றுக்கு மிக அருகே இன்னொரு கடையைத் திறந்து பழைய கடைக்காரரின் வியாபாரத்தைத் தின்னவிட்ட குற்றச்சாட்டு அதன் மேல் பல காலமாக உண்டு. விலையின் ரகசியம் சமையலறையில் இல்லை, கொள்முதலில் இருக்கிறது என்பது மட்டுமே என் முடிவு.

சரி, கடைசியில் நிறுவனமும்தானே திவாலானது, அதுபோதாதா என்று கேட்பார்கள். திவால் என்பது இங்கே என்ன செய்தது என்று பார்க்கலாம். ஷேடன் குடும்பம் 2001-இல் நிறுவனத்தைப் பங்குச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. 2006-இல், கடைகளின் எண்ணிக்கை உச்சத்தை நெருங்கியபோது, ஜே.பி. மார்கனோடு தொடர்புடைய முதலீட்டாளர்களுக்குப் பங்கின் கணிசமான பகுதியை விற்றது. ஏறிய கடன் 2012 தொடக்கத்தில் சுமார் 87 கோடி டாலராக நின்றது. அந்த ஆண்டே அவென்யூ கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு நிர்வாகம் போனது. 2014 திவால் மனுவின் நோக்கம் நிறுவனத்தை மூடுவதல்ல, மேலும் 40 கோடி டாலர் கடனைக் கழிப்பது. கழித்துக்கொண்டு அதே ஆண்டில் வெளியே வந்தும்விட்டது. 2018-இல் ஹை பிளஃப் கேப்பிட்டல் என்ற இன்னொரு முதலீட்டு நிறுவனம் வாங்கியது. கடன் கொடுத்தவர்கள் நஷ்டப்பட்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் நீதிமன்றம் நிறுவனத்துக்குத் தந்த கடன் கழிப்பு கடைக்காரருக்கு வரவில்லை. மனு நிறுவனத்தினுடையது, 2,100 கடைகளில் நிறுவனத்தின் ஏழு கடைகளைத் தவிர மற்றவை அதற்குள் அடங்கவே இல்லை. அவர்கள் ஒவ்வொருவராக, செய்தியாகாமல், தங்கள் சொந்தப் பெயரில் முறிந்துபோனார்கள். ஏறத்தாழ 5,000 கடைகள் சில நூறுகளாகச் சுருங்கியதில் ஒவ்வோர் எண்ணும் ஒரு குடும்பம் வாடகை ஒப்பந்தத்தையும் வங்கியையும் எதிர்கொண்ட கதை. பெயர் பிழைத்தது. அந்தப் பெயரை நம்பிக் காசு போட்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

சுவைக்காக வருந்தியவர்களிடம் எனக்குச் சண்டையில்லை. அடுப்பிலிருந்து வந்த அந்த மொறுமொறுப்பு உண்மையானதுதான். ரொட்டி சிறுத்துவிட்டது, மிளகாய்க் கிண்ணங்களை எடுத்துவிட்டார்கள், பழைய தரம் இல்லை என்றெல்லாம் அவர்கள் குறைப்பட்டார்கள். அவையெல்லாம் செலவைச் சுருக்கத் தவித்த கடைகளின் அடையாளங்கள். குறையைச் சரியாகவே பார்த்தவர்கள், அது எங்கிருந்து வருகிறது என்று இன்னும் ஓரடி பின்னால் போயிருக்கலாம் என்பதே என் ஆதங்கம்.

அந்த ஓரடி இப்போதும் வேண்டியிருக்கிறது. சப்வே 4.99 டாலர் சலுகையைத் திரும்பக் கொண்டுவரப் போவதாக 2017 இறுதியில் தெரிந்ததும், இது எங்களை மூடவைத்துவிடும் என்று நூற்றுக்கணக்கான கடைக்காரர்கள் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். ஒருகாலத்தில் அவர்களில் ஒருவரின் யோசனையாகப் பிறந்த விலை, பத்தாண்டில் மேலிருந்து திணிக்கப்படும் விலையாகிவிட்டது. 2015-இல் அமெரிக்காவில் 27,000-ஐத் தொட்டிருந்த சப்வே கடைகள் 2024 இறுதியில் 20,000-க்குக் கீழே இறங்கிவிட்டன. அந்த ஆண்டு சப்வேயை வாங்கி முடித்த ரோர்க் கேப்பிட்டலின் முதலீட்டில்தான் அதன் போட்டியாளரான ஜிம்மி ஜான்ஸும் இருக்கிறது. சப்வே விலையும் ஏறிவிட்டது, மூடட்டும் என்ற பேச்சு இப்போது கேட்கிறது. 2024 ஜூலையில் மத்திய வர்த்தக ஆணையம், ஃபிரான்சைஸ் எடுத்தவர்கள் அரசிடம் புகார் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்த வாசகங்கள் சட்டவிரோதம் என்றும், ஒப்பந்த விவரத்தில் சொல்லாத கட்டணங்களைப் பின்னால் புகுத்துவதும் சட்டவிரோதம் என்றும் அறிவித்தது. கடைக்காரர்கள் வாய் திறக்கவே அரசின் அறிவிப்பு தேவைப்பட்டிருக்கிறது. கடையின் சராசரி வருமானத்தைச் சொல்வதைக் கட்டாயமாக்குவதும், கொள்முதலில் கடைக்காரர்களுக்கு ஓட்டுரிமை தருவதைச் சட்டமாக்குவதும் இன்னும் நடக்கவில்லை. விலைப்பலகையைப் பார்த்து வரும் கோபத்தை இந்த இரண்டின் பக்கம் திருப்பினால், சாப்பிடுபவரின் காசும் சமைப்பவரின் வீடும் ஒருசேரத் தப்ப வழியிருக்கிறது.